மலை உறங்கும்போது செய்யும் வேலை
ஒரு சர்வகலாசாலை ஊருக்குள் இறங்கி உயிர் காத்த கதை

மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளின் மனக்கண் முன் தோன்றுவது கிரிக்கட் மைதானமே. ஆனால், உலகப் படத்தை விரித்து அப்பெயருடைய நாடு எங்கே என்று தேடினால் அது அகப்படாது. ஜமெய்க்கா, திரினிடாட், பாபடோஸ், கிரனடா, சென் லூசியா எனத் தனித்தனிக் கொடியும் தனித்தனி அரசாங்கமும் உடைய பல நாடுகள் ஆட்டக் களத்தில் மட்டும் ஓர் அணியாக இறங்குகின்றன. தனித்து நின்றால் எந்தத் தீவும் பெரிய நாடுகளுக்கு ஈடு கொடுக்க முடியாது என்பதை அம்மக்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்துகொண்டனர்.

கிரிக்கட்டைப் போலவே அத்தீவுகள் பொதுவில் வைத்திருக்கும் மற்றொரு செல்வம் அவற்றின் சர்வகலாசாலை. 1948ஆம் ஆண்டு ஜமெய்க்காவிலே இலண்டன் சர்வகலாசாலையின் கிளைக் கல்லூரியாகத் தொடங்கி, 1962இல் தன்னாட்சி பெற்ற மேற்கிந்தியத் தீவுகள் சர்வகலாசாலை, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு கல்விக்கூடமாகும். அதன் ஒரு வளாகம் திரினிடாட் தீவில் சென் அகஸ்தீன் என்னும் இடத்தில் உளது. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நில நடுக்கங்களையும் எரிமலைகளையும் இரவு பகலாகக் கவனித்துக்கொண்டிருப்பதே அதன் தொழில்.

அந்நிலையத்தின் கதையை இன்று சொல்ல முற்படுவதற்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் சென் வின்சன்ட் என்னும் சின்னஞ்சிறு தீவில் எரிமலை வெடித்தபோது, அவ்வெடிப்பில் நேரடியாக ஒருவர்கூட மாளவில்லை. அதே மலை 1902ஆம் ஆண்டு வெடித்தபோது மாண்டவர் சுமார் 1,600 பேர். மலை மாறவில்லை. மாறியது எது என்பதே நாம் அறியவேண்டியது.

இரண்டு நாளில் இரண்டு மலைகள்

சென் வின்சன்ட் தீவு நம் மன்னார்த் தீவைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பரப்புடையது என்று கொண்டால் போதும். மக்கள் தொகை சுமார் 1,00,000. தீவின் வட பகுதியை ஆக்கிரமித்துக்கொண்டு சுமார் 1,200 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்பது சூஃபிரியேர் என்னும் மலை. பிரெஞ்சு மொழியில் அப்பெயருக்குக் கந்தகம் உள்ள இடம் என்று பொருள்.

1902ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அம்மலை வெடித்தது. அதற்கு முன்னரே அடையாளங்கள் தெரிந்தன. மேற்குக் கரையில் வாழ்ந்தோர் மலையுச்சியில் ஆவி எழுவதைக் கண்ணாரக் கண்டு தெற்கு நோக்கி ஓடினர். அவர்களிற் பெரும்பாலோர் பிழைத்தனர். கிழக்குக் கரையிலோ உச்சியை மேகம் மூடியிருந்தது. அங்கிருந்தோர் அதனை வழக்கமான மழை மேகம் என்று எண்ணித் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நெருப்பு மேகம் இறங்கி வந்தபோது ஓடுவதற்கு நேரமிருக்கவில்லை. அத்தீவின் ஆதிக் குடிகளான கரிப் இன மக்களே அன்று பெருந்தொகையாக மாண்டனர்.

மறுநாட் காலை, வடக்கே பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட மாட்டினிக் தீவில் பெலே என்னும் மலை வெடித்தது. சென் பியேர் என்னும் அழகிய துறைமுக நகரம் சில நிமிடங்களுக்குள் சாம்பலாயிற்று. சுமார் 28,000 பேர் மாண்டனர். நகருள் இருந்து உயிர் தப்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்நகரைச் சுற்றிப் பல நாட்களாகச் சாம்பல் பொழிந்துகொண்டிருந்தது. ஆயினும், நகரை விட்டு வெளியேற வேண்டுமா என்று மக்கள் கேட்டபோது விடை சொல்லத்தக்க ஆராய்ச்சி நிலையம் எதுவும் அக்காலத்தில் அங்கிருக்கவில்லை. ஆளுநர் நியமித்த ஆலோசனைக் குழுவிலே விஞ்ஞானம் அறிந்தவராக இருந்தவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அவரும் மாண்டார், ஆளுநரும் மாண்டார்.

எரிமலை ஏன் இங்கே?

மாணாக்கர் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். கடல் நடுவே ஒரு வில்லைப் போல வளைந்து கிடக்கும் இத்தீவுகளில் மட்டும் இத்தனை எரிமலைகள் ஏன்?

நாம் நிற்கும் நிலம் அசையாத ஒரே பாறையன்று. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளவுண்டு கிடக்கிறது. அத்திலாந்திக் கடலின் தரை, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அளவில் மேற்கு நோக்கி நகர்ந்து, கரிபியன் தட்டின் கீழே நுழைகிறது. கடற்றரையுடன் சேர்ந்து அதனுள் அடங்கிய நீரும் ஆழத்துக்குச் செல்கிறது. அந்நீர் மேலேயுள்ள வெப்பப் பாறையுட் புகுந்ததும், பாறை உருகும் வெப்பநிலை தாழ்கிறது. உருகிய பாறைக் குழம்பு மேல் நோக்கி எழுகிறது. அது எழுந்து வெளிவந்த இடங்களே இத்தீவுகளின் மலைகள்.

குழம்பு மேலே வரும்போது பாறைகளை நெருக்கி உடைக்கும். அவ்வுடைவுகளே சிறு சிறு நடுக்கங்கள். மனிதர் உணர முடியாத அளவுக்கு மென்மையான அந்நடுக்கங்களையும் நில நடுக்கமானி பதிவு செய்துவிடும். மலை உப்பினால் அதன் மேல் நாட்டிய அளவுக் கருவி காட்டும். வெளிவரும் வாயுக்களின் அளவும் கூறும். ஒரு வைத்தியர் நாடியையும் மூச்சையும் உடல் வெப்பத்தையும் பார்ப்பது போல விஞ்ஞானிகள் மலையைப் பார்க்கின்றனர். ஆனால், வைத்தியரைப் போலவே அவர்களாலும் இன்ன நாளில் இன்ன நேரத்தில் இது நடக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. இதனை மக்களுக்கு எப்படி விளக்குவது என்பதே அந்நிலையத்தின் எல்லாக் கடமைகளிலும் கடினமானது.

விவசாயக் கல்லூரியிற் பிறந்த நிலையம்

1950, 1951ஆம் ஆண்டுகளில் சென் கிற்ஸ், நெவிஸ் என்னும் இரு தீவுகளை அடுத்தடுத்து நடுக்கங்கள் உலுக்கின. அங்குள்ள மலைகள் வெடிக்கப் போகின்றனவோ என்று மக்கள் அஞ்சினர். அதன் விளைவாக 1953ஆம் ஆண்டு சென் அகஸ்தீனில் இருந்த வெப்பவலய விவசாயக் கல்லூரியில் எரிமலை ஆராய்ச்சிப் பகுதி ஒன்று நிறுவப்பட்டது. கரும்பையும் கொக்கோவையும் ஆராய்ந்த கல்லூரியிலே எரிமலைக்கும் ஓர் இடம் கிடைத்தது. திரினிடாட்டில் சேற்றைக் கக்கும் சிறு குன்றுகள் உண்டேயன்றி நெருப்பைக் கக்கும் மலை இல்லை. காவற்காரன் இருக்க வேண்டிய இடம் தீப்பிடிக்காத இடமல்லவா?

பின்னர் அக்கல்லூரி சர்வகலாசாலையோடு இணைந்தது. ஆராய்ச்சிப் பகுதியும் அதனுடன் சென்றது. 2008இல் அது நில நடுக்க ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்றது. திரினிடாட்டின் பிரதமராக 2015 முதல் 2025 வரை பதவி வகித்த கீத் ரௌலி அரசியலுக்கு வருமுன் இவ்வாராய்ச்சிப் பகுதிக்குத் தலைமை தாங்கிய மண்ணியல் அறிஞர் என்பது பலர் அறியாத செய்தி.

ஆங்கிலம் பேசும் கிழக்குக் கரிபியன் தீவுகள் யாவற்றுக்கும் இந்நிலையமே காவல். டொமினிக்கா என்ற ஒரு தீவில் மட்டும் உயிர்ப்புள்ள எரிமலைகள் ஒன்பது உள்ளன. 1,00,000 மக்களைக்கூடக் கொண்டிராத அந்நாடு ஒன்பது மலைகளுக்கும் கருவியும் விஞ்ஞானியும் தனியே வைத்துக்கொள்வது எங்ஙனம்? ஆகவே, தீவுகளின் அரசாங்கங்கள் ஆளுக்குச் சிறிது பணம் இடுகின்றன. தீவுகளெங்கும் பரந்து நிற்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கருவி நிலையங்களின் பதிவுகள் சென் அகஸ்தீனை வந்தடைகின்றன.

கிரனடாவுக்கு வடக்கே சுமார் 8 கிலோமீற்றர் தொலைவில் கடலுக்கு அடியிலும் ஓர் எரிமலை இருக்கிறது. கிக் எம் ஜெனி என்பது அதன் விசித்திரமான பெயர். 1939ஆம் ஆண்டிலேயே அது முதன்முதல் மனிதர் கண்ணுக்குப் புலப்பட்டது. அது அமைதியாக இருக்கும் காலத்திலும் அதனைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் படகுகள் செல்லலாகாது. வாயு குமிழியிட்டு எழும்போது நீரின் அடர்த்தி குறைந்து மிதக்கும் கலம் அமிழ்ந்துவிடக்கூடும். மீன்பிடிப்போருக்கு இதனை எடுத்துச் சொல்வதும் நிலையத்தின் வேலைகளுள் ஒன்று.

மூன்று பாடங்கள்

கருவிகள் மட்டும் இருந்தால் உயிர் பிழைத்துவிடுமா? இல்லை என்பதை அத்தீவுகள் விலை கொடுத்துக் கற்றன.

முதலாவது பாடம் குவாதலூப் தீவில் கிடைத்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட அத்தீவிலும் சூஃபிரியேர் என்ற பெயருடன் ஒரு மலை உண்டு. 1976ஆம் ஆண்டு அது புகையத் தொடங்கியதும் 70,000க்கும் மேற்பட்டோர் மாதக் கணக்கில் வீடு வாசலை விட்டு அகற்றப்பட்டனர். எதிர்பார்த்த பெருவெடிப்பு வரவில்லை. பேராபத்து உண்டென்று ஒரு சாரார், இல்லையென்று மற்றொரு சாரார் எனப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் பத்திரிகைகளிலே பகிரங்கமாக மோதிக்கொண்டனர். படித்தவர்கள் தமக்குள் வாதிடுவது குற்றமன்று. ஆனால், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கும்போது அவ்வாதம் அவள் காதில் விழுமானால், அடுத்த முறை யாருடைய சொல்லை அவள் நம்புவாள்?

இரண்டாவது பாடம் 1979இல் சென் வின்சன்ட் தீவிலேயே வந்தது. ஏப்பிரல் 13ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை விடியுமுன் மலை வெடித்தது. முன்னறிகுறி கிடைத்தது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. எனினும் சுமார் 20,000 பேர் தெற்கே ஓடித் தப்பினர். உயிரிழப்பு இல்லை. 1902இன் கதையைப் பாட்டன் பாட்டியர் வாயாற் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. எந்தக் கருவியையும்விட அந்நினைவு அன்று அவர்களுக்கு விரைவாக வழிகாட்டியது. ஆனால், நினைவு தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துபோகும் பொருள்.

மூன்றாவது பாடமே மிகவும் துயரமானது. மொன்சராத் என்னும் தீவில் சூஃபிரியேர் குன்றுகள் உள. அக்குன்றுகளால் தலைநகராகிய பிளிமத்துக்கு ஆபத்து உண்டு என்று 1980களின் பிற்பகுதியிலேயே ஆய்வாளர் இருவர் படம் வரைந்து அறிக்கை எழுதினர். அவ்விருவரில் ஒருவர் இந்நிலையத்தைச் சேர்ந்தவர். அறிக்கை தக்க கவனம் பெறவில்லை. 1989இல் ஹியூகோ என்ற சூறாவளி தீவைப் பாழாக்கியபின் பிளிமத் நகரையே மீண்டும் கட்டியெழுப்பினர். 1995 யூலை 18ஆம் நாள் மலை விழித்தது. நகரம் கைவிடப்பட்டது, பின்னர் சாம்பலிற் புதைந்தது. 1997 யூன் 25ஆம் நாள், செல்லலாகாது என்று தடை செய்யப்பட்டிருந்த பகுதிக்குள் இருந்த 19 பேர் நெருப்பு மேகத்துக்கு இரையாயினர். அவர்களிற் சிலர் தம் தோட்டத்தைப் பார்க்கச் சென்ற பயிர்ச்செய்கையாளர். வயிற்றுப்பாடு அவர்களை அங்கே இழுத்தது. தீவில் வாழ்ந்த சுமார் 11,000 பேரில் பெரும்பாலோர் பிறநாடு சென்றனர்.

அறிக்கை இருந்தது, கருவியும் இருந்தது. ஆனால் அறிந்தவருக்கும் வாழ்பவருக்கும் இடையே பாலம் போதவில்லை. மலை விழித்தபின் அப்பாலத்தைக் கட்ட முடியாது. அது உறங்கும்போதே கட்டவேண்டும்.

ஊருக்குள் இறங்கிய விஞ்ஞானம்

இப்பாடங்களை நிலையம் மறக்கவில்லை. 2005ஆம் ஆண்டு, ஒவ்வொரு தீவிலும் எவ்விடம் எவ்வளவு ஆபத்தானது என்பதை வர்ணம் தீட்டிக் காட்டும் பெரும் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை என நான்கு வர்ணங்கள். அதே நான்கு வர்ணங்களே மலையின் நிலைமையைச் சொல்லும் எச்சரிக்கைக்கும் வழங்கின. எழுத்து வாசிக்கத் தெரியாத முதியவரும், இன்னும் எழுத்துப் பழகாத குழந்தையும் வர்ணத்தை அறிவர் அல்லவா?

2018ஆம் ஆண்டு சென் வின்சன்ட் தீவின் மலையடிவாரத்தில் 12 கிராமங்களைத் தெரிந்தெடுத்து, எரிமலைக்கு ஆயத்தமான ஊர்கள் என்றொரு திட்டத்தை நிலையம் தொடங்கியது. அத்தீவின் அனர்த்த முகாமை அலுவலகம் கைகோத்தது. கரிபியன் அபிவிருத்தி வங்கி பணம் உதவியது. அத்திட்டத்தின் சாரம் இதுதான்: திரினிடாட்டில் இருந்து திட்டத்தை எழுதி அனுப்புவதில்லை, ஊரவரே கூடித் தம் ஊருக்குரிய திட்டத்தை வகுக்கவேண்டும். வாகனம் இல்லாத வீடு எது, நடக்க முடியாத முதியவர் எங்கே இருக்கிறார், மழை பெய்தால் எந்த ஆற்றைக் கடக்க முடியாது, ஆடு மாடுகளை யார் பொறுப்பேற்பது என்பனவற்றை எந்தப் பேராசிரியரும் ஊரவரைப் போல் அறியமாட்டார்.

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா சர்வகலாசாலை தலைமையில், இந்நிலையமும் பங்குகொண்ட மற்றோர் ஆராய்ச்சி, முதியோரிடம் சென்று 1979இன் அனுபவங்களைக் கேட்டுப் படச்சுருளாகப் பதிவு செய்தது. அப்படங்களை இளைஞர் முன் காட்டினர். ஏப்பிரல் மாதம் வந்தால் 1979ஐ நினைவுகூர்ந்து எரிமலை விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்துவதும் அத்தீவில் வழக்கமாயிற்று. தேய்ந்துபோகும் நினைவை இப்படித்தான் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தனர்.

சோதனை வந்த நாள்

2020ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் சூஃபிரியேர் மலையின் வாயினுள் வெப்பத் தடம் ஒன்றைச் செய்மதிகள் கண்டன. உள்ளூரவர் மேலேறிச் சென்று நோக்கினர். கருநிறக் குழம்பு ஒரு மேடாக வளர்ந்துகொண்டிருந்தது. உலகமே கோவிட் நோயினால் கதவடைத்திருந்த காலம் அது. ஆயினும் அவ்வாண்டு முடியுமுன்னரே சென் அகஸ்தீனில் இருந்து விஞ்ஞானிகள் குழு ஒன்று சென் வின்சன்ட் வந்து சேர்ந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ரிச்சர்ட் றொபேட்சன். அவர் சென் வின்சன்ட் மண்ணின் மைந்தர்.

மலையைச் சுற்றி அப்போது இயங்கிய கருவிகள் சிலவே. குழுவினர் ஹெலிகொப்டரிற் சென்று புதிய கருவிகளை நாட்டினர். மொன்சராத் அவதான நிலையத்தில் இருந்து உதவி வந்தது. மாட்டினிக், குவாதலூப் தீவுகளின் பிரெஞ்சு அவதான நிலையங்களும் பிரித்தானிய, அமெரிக்க அறிஞரும் கைகொடுத்தனர். முன்னரே பழகிய நட்பு நெருக்கடியில் பயன்பட்டது. ஒருவர் பதிவை ஒருவர் வாசிக்கவும், ஒருவர் கருத்தை ஒருவர் சோதிக்கவும் முடிந்தது. வாதம் இருந்திருந்தால் அது அறைக்குள் இருந்தது. மக்களுக்குச் சென்றது ஒரே குரல்.

அக்குரல் வானொலியிலே ஒலித்தது. பேராசிரியரும் குழுவினரும் அடிக்கடி வானொலிக்கு வந்து, மலையில் நடப்பதை ஊரார் பேசும் மொழியிலே விளக்கினர். தெரிந்ததைத் தெரியும் என்றனர். தெரியாததைத் தெரியாது என்றனர். குழம்பு மெல்ல வழிவது ஒரு நிலை. அது எந்த வேளையும் வெடிப்பாக மாறலாம், மாறாமலும் போகலாம் என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டே இருந்தனர்.

மார்ச் 23ஆம் நாள் நடுக்கங்கள் கூட்டமாக வந்தன. ஏப்பிரல் 5ஆம் நாள் மீண்டும் வந்தன. 8ஆம் நாள் நிலைமை முற்றியது. சிவப்பு எச்சரிக்கைக்குரிய நேரம் வந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் அரசாங்கத்துக்கு அறிவித்தனர். அன்று மாலை பிரதமர் றால்ஃப் கொன்சால்வெஸ், சிவப்பு வலயத்தில் உள்ளோர் வெளியேறவேண்டும் என்று கட்டளையிட்டார். அறிவுரை சொல்வது விஞ்ஞானியின் கடமை. கட்டளையிடுவது மக்கள் தெரிந்தெடுத்த அரசாங்கத்தின் கடமை. இந்த எல்லைக்கோடும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது.

சண்டி பே, ஒவியா, ஃபான்சி முதலிய வடக்குக் கிராமங்களில் இருந்து அவ்விரவு முழுவதும் மக்கள் வாகனங்களிலும் படகுகளிலும் புறப்பட்டனர். வெளியேறும்படி பணிக்கப்பட்டவர் சுமார் 16,000 பேர். ஏப்பிரல் 9ஆம் நாள், வெள்ளிக்கிழமை காலை 8 மணி 41 நிமிடத்துக்கு மலை வெடித்தது. சாம்பற் கம்பம் வானளாவ எழுந்தது. பாபடோஸ் தீவின் மேலும் பகலிலே இருள் படர்ந்தது. ஏப்பிரல் 22ஆம் நாள் வரை முப்பதுக்கும் மேற்பட்ட வெடிப்புகள் நிகழ்ந்தன. 1902இல் வந்தது போன்ற நெருப்பு மேகங்கள் மீண்டும் பள்ளத்தாக்குகளில் இறங்கின. ஆனால், அவற்றின் வழியில் மனிதர் இருக்கவில்லை.

துன்பம் இல்லை என்று எண்ணிவிடல் வேண்டா. 20,000 பேர் வரை இடம்பெயர்ந்தனர். வீட்டுக் கூரைகள் சாம்பலின் பாரத்தால் இடிந்தன. பயிரும் குடிநீரும் பாழாயின. தொற்று நோய்க் காலத்தில் பாடசாலைக் கட்டடங்களில் மாதக் கணக்கில் நெருங்கி வாழ்ந்தனர். மழை பெய்தபோதெல்லாம் சேற்று வெள்ளம் ஆறுகளிற் பாய்ந்து தெருக்களை அறுத்தது. ஆயினும் இழந்தவற்றை எண்ணி அழுவதற்கு அவர்கள் உயிரோடு இருந்தனர்.

நமக்கும் ஓர் உறவு

அத்தீவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு தொடர்புகள் உண்டு.

1861ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்கென ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையில் இருந்து ஏற்றப்பட்ட இந்தியர், திருவாங்கூர் என்னும் கப்பலில் சென் வின்சன்ட் போய் இறங்கினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். நம் மலையகத்துக்கு ஆட்கள் வந்த அதே காலத்தில், அதே காரணத்துக்காக, கடல்களைக் கடந்து சென்றவர்கள் அவர்கள்.

இரண்டாவது தொடர்பு துயரத்தால் ஏற்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நம் நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் உள்வாங்கியதைக் கண்டு, அதனை வேடிக்கை பார்க்கக் கரைக்குச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர்! கடல் உள்வாங்கினால் மேட்டு நிலத்துக்கு ஓடவேண்டும் என்ற ஒரே வாக்கியத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவ்வனர்த்தத்தைக் கண்டே, 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் கீழ்க் கரிபியன் கடலுக்கும் ஆழிப்பேரலை எச்சரிக்கை ஒழுங்கு ஒன்று அமைக்கப்பட்டது. 2011 முதல் அங்குள்ள நாடுகள் பல சேர்ந்து ஆழிப்பேரலை ஒத்திகை நடத்தி வருகின்றன. நம் கரையிற் கற்ற பாடம் அங்கே பிள்ளைகளின் பயிற்சியாயிற்று.

சர்வகலாசாலை என்றால் பட்டம் வழங்கும் இடம் என்றே நம்மிற் பலர் கருதுகிறோம். பிள்ளை உள்ளே சென்றான், பட்டத்தோடு வெளியே வந்தான் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. சென் அகஸ்தீன் நிலையம் காட்டும் கணக்கு வேறு. அங்கே ஆராய்ச்சி, கட்டுரையாக அச்சேறியதுடன் முடியவில்லை. அது மீன் பிடிப்பவரின் படகுக்கும், பாட்டியின் அடுக்களைக்கும், பாடசாலைப் பிள்ளையின் கொப்பிக்கும் போய்ச் சேர்ந்தது. மலை உறங்கிய நாற்பத்திரண்டு ஆண்டுகளில், பலனை உடனே காணமுடியாத அவ்வேலையைப் பலர் சலியாது செய்தனர். அரசாங்கங்களும் வரவு செலவின் நெருக்கடிகளுக்கிடையே தம் பங்குப் பணத்தைக் கொடுத்துவந்தன.

மாணவ நண்பர்களே, உங்களில் ஒருவர் நாளை மண்ணியலோ கடலியலோ பயிலக்கூடும். கற்றதை உங்கள் ஊர்ச் சந்தையில் நின்று, சந்தையில் உள்ளோருக்கு விளங்கும் தமிழிலே சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெற்றோரே, கரையோரத்தில் வாழ்பவராயின் இன்று மாலை பிள்ளைகளை அருகில் அழைத்து, கடல் உள்வாங்கினால் என்ன செய்வாய் என்று வினவுங்கள். விடை உடனே வருமானால் மகிழ்ச்சி. வராவிடின், சொல்லிக் கொடுப்பதற்குக் கடல் அமைதியாயிருக்கும் இந்நாளைவிட நல்ல நாள் வேறில்லை.